தும்மத் தெரியாத என்ஜின்

தூசிக்குத் தெலுங்கில் ‘தும்மு’ என்று பெயர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து புழங்கும் சித்தூரில் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால், யாரோ தும்மச் சொல்வது போல இருக்கும். மூக்கில் தூசி ஏறினால் மனிதன் தும்மித் தள்ளிவிடுவான். கார் என்ஜினுக்கு அந்த வழி இல்லை. உள்ளே நுழைந்த தூசி பிஸ்டனையும் சிலிண்டரையும் உரசிய பிறகுதான் வெளியே வரும். அதைத் தடுக்க இருப்பது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாக வைத்த காகிதம் மட்டுமே. ஏர் ஃபில்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பது அதைத்தான்.

அதை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். பெரும்பாலான கார்களில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காகிதம் எவ்வளவு அழுக்கு என்று பார்ப்பவர்கள், அதன் ஓரத்தில் ஓடும் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அழுக்கான ஃபில்டர் என்ஜினைக் கொஞ்சம் மூச்சுத் திணற வைக்கும். சரியாக உட்காராத புது ஃபில்டரோ என்ஜினைத் தேய்த்தே தின்றுவிடும்.

மூன்று டேங்கர் காற்று

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் அதைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அதற்கு 11 கிலோ காற்று தேவை. 11 கிலோ காற்று என்பது கிட்டத்தட்ட 9,000 லிட்டர். சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதி சுமார் 70 கி.மீ. இந்தத் தூரத்துக்கு ஒரு சிறிய கார் நான்கு லிட்டர் பெட்ரோல் குடித்தால், கூடவே 36,000 லிட்டர் காற்றையும் குடித்திருக்கும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் மூன்றை மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் அளவு புரியும். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அது ஆறு லாரி.

அந்தக் காற்று எப்படிப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. சித்தூர்ப் பகுதி கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போனது. கல் ஏற்றிய லாரிகள் மண் பாதையிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் இடங்களில் எப்போதும் ஒரு வெண்புகை மிதக்கும். மாங்காய்ப் பருவத்தில் தோதாபுரி ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் சாலையோர மண்ணில் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் கார் சுவாசிப்பது அந்த மண்ணைத்தான். சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திருமலைப் பக்கம் நிலைமை இன்னும் கூர்மையானது. மலைப்பாதையில் போகிறவர்கள் பார்க்கும் செங்குத்தான பாறைச் சுவர்களில் மேலே இருப்பது நகரி குவார்ட்சைட். திருமலையில் பக்தர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சிலாதோரணமும் அதே கல்தான். அடியில் இருக்கும் பழைய கிரானைட்டும் மேலே படிந்த இந்தக் குவார்ட்சைட்டும் சந்திக்கும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. புவியியல் மாணவர்களுக்கு அது பாடம். கார்க்காரருக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது. குவார்ட்சைட் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கத்தியின் எஃகுக்கு 5.5 அளவில்தான். சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பும் குவார்ட்ஸுக்குக் கீழேதான் நிற்கும். இந்த ஊர்த் தூசி, என்ஜினின் உலோகத்தைவிடக் கடினமானது.

உலகெங்கும் ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற தரமுறை இருக்கிறது. அந்தச் சோதனைக்குத் தூவும் தூசிக்கு ‘அரிசோனா தூசி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த அமெரிக்கப் பாலைவன மண்ணிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. அதிலும் ஏறக்குறைய 70 சதவீதம் சிலிக்காதான். ஆக, ஒரு நல்ல ஃபில்டர் எந்த எதிரியை நினைத்துச் செய்யப்பட்டதோ, அந்த எதிரி சித்தூர் சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் மணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் ஆபத்தானது. மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலமோ சில மைக்ரான்தான். அதைவிடச் சற்றே பெரிய துகள் உள்ளே வந்தால் இரண்டு பக்கமும் கீறும். ஆயிலோடு கலந்தால், வால்வு தேய்க்க மெக்கானிக் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட் போலவே வேலை செய்யும். கொஞ்ச நாளில் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பின்னால் நீலப் புகை வரும். அதற்குப் பிறகு மெக்கானிக் சொல்லும் தொகை, நூறு ஃபில்டரின் விலையைத் தாண்டும்.

இதற்கு வரலாற்றில் ஒரு கடுமையான சாட்சி உண்டு. 1942-இல் சோவியத் ஒன்றியம் தன் புகழ்பெற்ற டி-34 டாங்கி ஒன்றைச் சோதனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியது. மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் சோதனைக் களத்தில் அது ஓடிய மொத்தத் தூரம் 343 கி.மீ. அத்துடன் என்ஜின் திருத்த முடியாதபடி கெட்டது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே தூசி. அதன் ஏர் கிளீனர் மிக மோசம் என்பதே சோதித்தவர்களின் முடிவு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இரண்டு முறை போய்வந்த வண்டி, மூன்றாம் முறை திருப்பதியை எட்டும் முன்பே நின்றுபோவதற்குச் சமம் அது. இன்றைய கார்கள் எதுவும் அந்த வேகத்தில் கெடாது. காரணம், அந்தக் காகிதம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மைலேஜுக்காக அல்ல

‘ஏர் ஃபில்டர் மாற்றுங்கள், மைலேஜ் கூடும்’ என்ற பேச்சு சர்வீஸ் கவுன்ட்டர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டர் இருந்த பழைய மாருதி 800, பத்மினி காலத்தில் அது உண்மை. காற்று குறைந்தால் பெட்ரோல் விகிதம் கூடி, வண்டி கறுத்த புகை தள்ளும், எரிபொருள் வீணாகும். இப்போது ஓடும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில், உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார்கள் பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கணினி விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. டொயோட்டா கேம்ரி உள்ளிட்ட இன்ஜெக்‌ஷன் கார்களின் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியதில், மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மாறியது இழுவை. புது ஃபில்டர் போட்டதும் வண்டி வேகம் எடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது.

இழுவை என்பது சமவெளியில் பெரிதாகத் தெரியாது. திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டினால் தெரியும். திருமலைக்கு 1944-இல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. ஏறும் பாதை சுமார் 18 கி.மீ. அதிவேகத்தைத் தடுக்க, மேலே போய்ச் சேர 28 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஓடும் ஏசி, இரண்டாம் கியர். அந்த அரை மணி நேரத்தில் என்ஜின் கேட்கும் காற்றுதான் அதன் வாழ்க்கையிலேயே அதிகம். அடைத்த ஃபில்டரோடு ஏறும் கார் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம் மட்டும் போட்டு, இழுக்காமல் தவிக்கும். 2022 செப்டம்பரிலிருந்து அதே பாதையில் ஏறும் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகளுக்கு இந்தக் கவலையே இல்லை. எரிப்பதற்கு எதுவும் இல்லாததால் என்ஜின் ஃபில்டரும் அவற்றில் இல்லை.

டீசல் வண்டி இன்னும் வெளிப்படையானது. அதில் காற்று குறைந்தால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வரும். திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசூ பிக்கப் போன்ற டர்போ டீசல் வண்டிகளில் இன்னொரு அபாயமும் சேரும். டர்போவின் இறக்கைச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் மோதும் மணல் துகள் இறக்கையின் முனையை அரித்துவிடும்.

எப்போது திறப்பது

பல கார்களின் கையேட்டில் ஃபில்டர் மாற்ற 40,000 கி.மீ. என்ற எண் இருக்கும். அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே, தூசி மிகுந்த சாலை என்றால் முன்னதாகப் பார்க்கவும் என்றும் இருக்கும். இந்த இரண்டாவது வரி சித்தூர், திருப்பதிக்காகவே அச்சிட்டது என்று எடுத்துக்கொள்வது நல்லது. குவாரிப் பாதை, தோட்டத்து மண் வழி, சாலை வேலை நடக்கும் இடம் ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு 5,000 கி.மீ.க்கு ஒரு முறை; நெடுஞ்சாலையும் நகரமும் மட்டும் என்றால் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். கோடை முடிந்து மழை தொடங்கும் முன் ஒரு முறை பார்ப்பது கூடுதல் பலன்.

அதைவிட அடிக்கடி திறக்கத் தேவையில்லை. வாராவாரம் திறந்து தட்டிப் போடும் பழக்கம் அக்கறை போலத் தோன்றினாலும் அது தீங்கு. லேசாகத் தூசி படிந்த காகிதம், புத்தம் புதுக் காகிதத்தைவிட நன்றாகவே வடிகட்டும். படிந்த தூசி இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. தவிர, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுத்தப் பக்கத்தில் தூசி விழவும், மூடும்போது ரப்பர் பிசகவும் வாய்ப்பு இருக்கிறது.

காகிதம் பழுப்பாக இருப்பதாலேயே அது செத்துவிட்டது என்று பொருள் இல்லை. மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். மடிப்பின் அடிவரை தூசி அடைந்து, லேசாகத் தட்டினாலும் உதிராமல் கெட்டியாகிவிட்டதா? வெயிலுக்கு எதிரே பிடித்தால் பெரும்பகுதியில் வெளிச்சமே வரவில்லையா? எங்காவது கிழிந்திருக்கிறதா, ஆயில் படிந்திருக்கிறதா, ஒரு முறை நனைந்து காய்ந்து நெளிந்திருக்கிறதா? ஓரத்து ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாற்றிவிட வேண்டியதுதான், கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும்.

கடையில்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், “அண்ணா, ஸ்விஃப்ட்டுக்கு ஒரு ஏர் ஃபில்டர்” என்று கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். “பெட்ரோலா, டீசலா? எந்த வருஷம்? ஆர்.சி. போட்டோ இருக்கா?” என்று கேட்பார். அப்படிக் கேட்கும் கடைதான் நல்ல கடை. ஒரே பெயரில் வரும் காருக்கு, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை மாசு விதி வந்ததற்கு முன்பும் பின்பும் ஃபில்டர் மாறியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தின் படமும், பழைய ஃபில்டரின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணின் படமும் போனில் இருந்தால் வேலை சுலபம்.

‘ஏசி ஃபில்டர்’ என்பது வேறு. அது கார் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மூக்குக்கானது. பெரும்பாலும் இடது பக்க டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கி வருபவர்கள் நிறைய.

சிறு கார் ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். இதில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகப் பெயர் தெரியாத சரக்கை வாங்குவது நஷ்டக் கணக்கு. கார் நிறுவனத்தின் சொந்த உதிரிபாகமோ, பெயர் பெற்ற ஃபில்டர் நிறுவனத்தின் சரக்கோ எடுக்கலாம். போலியைக் காகிதத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம், ரப்பர் காட்டிக்கொடுத்துவிடும். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி உடனே எழ வேண்டும். நான்கு மூலையிலும் பிசிறில்லாமல், ஒரே தடிமனில் இருக்க வேண்டும். மடிப்புகள் சம இடைவெளியில் நிற்க வேண்டும். பில் வாங்கிக்கொள்வதும் அவசியம்; அளவு சேரவில்லை என்றால் மாற்ற உதவும்.

துவைத்துத் துவைத்துப் போடலாம் என்று விற்கும் ஆயில் தடவிய பருத்தி ஃபில்டர்கள் இந்த ஊருக்குப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல. காற்று தாராளமாகப் போகும் என்பது அவற்றின் விளம்பரம். இங்கே தேவை தாராளம் அல்ல, தடுப்பு. ஆயில் அதிகம் தடவிவிட்டால் காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அதைக் கெடுக்கவும் கூடும்.

வாசலில் பத்து நிமிடம்

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன் செய்வது உத்தமம். காற்று வீசாத நேரமும் அதுதான். சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பானட்டைத் திறக்கலாம். பானட்டின் மேலும் பெட்டியின் மூடி மேலும் இருக்கும் தூசியை முதலிலேயே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். மூடியைக் கழற்றிய பிறகு துடைத்தால் அந்தத் தூசி நேராக உள்ளே விழும்.

பெட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. என்ஜினிலிருந்து வரும் தடித்த, வளையம் வளையமான கறுப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் அது முடியும் இடம் ஏர் பாக்ஸ். சில கார்களில் என்ஜினின் தலைமேலேயே தட்டையாக உட்கார்ந்திருக்கும். கழற்றும் முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்வது, திரும்பப் பூட்டும்போது பெரிய உதவி. மூடியைப் பிடித்திருப்பது கிளிப்பாகவோ, ஸ்க்ரூவாகவோ, 10 எம்.எம். போல்ட்டாகவோ இருக்கும். கிளிப்பைக் கைவிரலால் நெம்பினால் வந்துவிடும். பழைய வண்டியில் பிளாஸ்டிக் காய்ந்திருக்கும் என்பதால் ஸ்க்ரூ டிரைவரால் பலமாக நெம்பக் கூடாது. ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்க வேண்டும். ஒன்று என்ஜின் இடுக்கில் விழுந்தால் அரை நாள் போய்விடும். மூடியோடு ஒரு சென்சார் ஒயர் இணைந்திருந்தால், அதை இழுக்காமல், பூட்டை அமுக்கிக் கழற்ற வேண்டும். மூடியைக் கொஞ்சம் தூக்கினாலே ஃபில்டர் வந்துவிடும் என்றால் ஒயரைத் தொடவே தேவையில்லை.

பழைய ஃபில்டரை எடுக்கும்போது சாய்க்காமல், தட்டாமல், வந்த நிலையிலேயே மெல்லத் தூக்க வேண்டும். எடுத்ததும் இந்த வேலையிலேயே முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. சுத்தமான விரலால் பெட்டியின் சுத்தப் பக்கத்தை, அதாவது ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை, ஒரு தடவு தடவிப் பார்க்க வேண்டும். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் இத்தனை நாளும் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. சிவப்பாகவோ வெள்ளையாகவோ பொடி ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஃபில்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி, ரப்பர் பிசகியிருக்கலாம், மூடி விரிசல் விட்டிருக்கலாம், குழாய் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃபில்டரைப் போட்டு மூடுவது, ஓட்டைப் பானையில் புதுத் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

அழுக்குப் பக்கத்தில், பெட்டியின் அடியில், சருகும் வண்டும் மண்ணும் கிடப்பது இயல்பு. நிலக்கடலைத் தோல் கிடந்தால் அது எலி. நிலக்கடலை விளையும் இந்தப் பகுதியில் இரவில் கதகதப்பான என்ஜினைத் தேடி வரும் எலிகள், காற்று நுழையும் குழாய் வழியாக ஏறி ஏர் பாக்ஸுக்குள் கூடு கட்டிவிடும்; காகிதத்தைக் கடித்து மெத்தையும் ஆக்கிக்கொள்ளும். கடித்த அடையாளம் ஒன்று இருந்தாலும் ஃபில்டரை மாற்றுவதோடு, பக்கத்து ஒயர்களையும் பார்த்துவிட வேண்டும்.

பெட்டியைச் சுத்தம் செய்யும் முன் என்ஜினுக்குப் போகும் வாயில் ஒரு சுத்தமான, நார் பிரியாத, பளிச்சென்ற நிறத் துணியைச் செருகுவது பாதுகாப்பு. நிறம் ஏன் என்றால், எடுக்க மறக்காமல் இருக்க. பிறகு ஈரத் துணியால் அடியைத் துடைக்கலாம். வீட்டு வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. ஊதக் கூடாது.

துணியை எடுத்துவிட்டு, புதிய ஃபில்டரைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், அகலம், உயரம், ரப்பரின் வடிவம் எல்லாம் ஒப்பிட வேண்டும். மேல் பக்கம் எது என்று அம்புக்குறியோ எழுத்தோ இருக்கும். பெட்டியின் பள்ளத்தில் ரப்பரை வைத்து, நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். மூலைகளில்தான் பிசகும், அங்கே இரண்டு முறை. மூடி தானாக, தடை இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் ரப்பர் மடிந்திருக்கிறது என்று பொருள். கிளிப்பின் பலத்தால் அதை அமுக்கி மூடுபவர்கள்தான் பின்னால் நீலப் புகை பார்ப்பவர்கள். திறந்து, எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் அழுத்தம் சமமாகப் பரவும்.

ஃபில்டர் இல்லாமல் என்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. ‘சத்தம் எப்படி இருக்கு பார்க்கலாம்’ என்றுகூட. எல்லாம் பூட்டிய பிறகு ஸ்டார்ட் செய்து, விசில் போன்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டால் போதும். என்ஜின் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் அந்தச் சென்சார் ஒயர் சரியாக மாட்டவில்லை.

அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கர் பேனாவால் மூடியின் மேல் எழுதி வைப்பது சித்தூர் மெக்கானிக் ஆனாலும் சென்னை மெக்கானிக் ஆனாலும் அடுத்துத் திறப்பவருக்குச் செய்யும் உதவி.

பஞ்சர் கடைக் காற்று

புதிது வாங்காமல் பழையதையே பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் ‘ஒரு அடி காற்று’ அடித்து வருவது பரவலான வழக்கம். டயருக்கு அடிக்கும் அந்தக் காற்று, கிட்டத்தில் பிடித்தால் காகிதத்தின் நாரைப் பிரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், தடுக்காது. கையேடு சுத்தம் செய்யச் சொல்லும் கார்களில்கூட, காற்று அடிப்பது சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, குறைந்த அழுத்தத்தில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான். அழுக்குப் பக்கத்திலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள்ளேயே குத்தி ஏறும். தரையில் ஓங்கித் தட்டுவதும் ரப்பரைக் கோணலாக்கும். தண்ணீரில் கழுவுவது அறவே கூடாது. பழைய மகீந்திரா ஜீப்பிலும் டிராக்டரிலும் இருந்த ஆயில் குளியல் ஃபில்டரை டீசலில் அலசி, புது ஆயில் ஊற்றிப் பழகியவர்கள், அந்தப் பழக்கத்தைக் காகித ஃபில்டருக்குக் கொண்டுவருகிறார்கள். ஆயில் குளியல் ஃபில்டர் வேறு ரகம். காற்றைத் திருப்பி ஆயிலின் மேல் மோதவிட்டுத் தூசியை ஒட்ட வைக்கும் முறை. காகிதத்துக்கு அலசல் கிடையாது.

தண்ணீர் வந்த நாள்

தூசியைப் பற்றியே பேசிவிட்டு மழையை விட்டுவிட முடியாது. 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரத்தின் தெருக்கள் ஆறாக ஓடின. திருமலைப் பாதையில் மண் சரிந்தது. நிறுத்தி வைத்த வண்டிகள் தண்ணீரில் மிதந்தன. அப்படிப்பட்ட நாளில் ஏர் ஃபில்டர் வேறொரு வேலை செய்கிறது. அது சாட்சி சொல்கிறது.

காற்று நுழையும் வாய் பெரும்பாலான கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால், முகப்பு விளக்கின் உயரத்தில் இருக்கும். தண்ணீர் அதுவரை ஏறினால் பெட்டி நிறையும். காகிதம் தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் இருந்தால் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்த அந்த ஒரு நொடியில் நடக்கும் சேதம் அது. சில மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு வாங்கியிருந்தால் மட்டுமே இதற்குப் பணம் கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஆண்டும் வரும். வெள்ளத்தில் நின்ற காரை யாரும் சாவி போட்டுப் பார்க்க வேண்டாம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிறகு மேலே சொன்னபடி ஏர் பாக்ஸின் மூடியைத் திறந்து காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தாலும் மெக்கானிக் ஒருவர் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். நனைந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள். இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.